குளிர்காலத்தில் பழங்காசு தேடல்: சிங்கப்பூரிலிருந்து செல்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மெட்டல் டிடெக்டரைக் கையிலேந்தி வயல்களிலும் கடற்கரைகளிலும் பழங்காசு தேடும் பொழுதுபோக்கு சிங்கப்பூர்த் தமிழர்களிடையே இன்னும் பரவலாகவில்லை. ஆயினும் டிசம்பர் பள்ளி விடுமுறையில் இங்கிலாந்திலுள்ள பிள்ளைகளையும் உறவினரையும் பார்க்கச் செல்வோரில் சிலரும், ஜூன் விடுமுறையில் ஆஸ்திரேலியாவுக்குச் செல்வோரில் சிலரும் இதில் ஆர்வம் கொள்கின்றனர். இரண்டு பயணங்களுமே அந்தந்த நாட்டின் குளிர்காலத்தில் அமைவதால், அவர்கள் எழுப்பும் ஐயங்களும் பெரும்பாலும் குளிரைச் சுற்றியே உள்ளன. அவற்றுக்கான விடைகள் கீழே தரப்பட்டுள்ளன. இங்கிலாந்தைப் பற்றிய செய்திகள் மிகுதியாக இருப்பதற்குக் காரணம், இப்பொழுதுபோக்குக்கான சட்டமும் பதிவுமுறையும் அங்குத் தெளிவாக வகுக்கப்பட்டிருப்பதே.

குளிர்காலத்தில்தான் தேட வேண்டுமா? கோடை எளிதாக இருக்காதா?

கோடையில் உடலுக்கு எளிது, நிலத்தில் எளிதன்று. ஆகஸ்டு வரை இங்கிலாந்தின் வயல்களில் பயிர் நிற்கும். மேய்ச்சல் நிலங்களில் புல் முழங்காலைத் தொடும். ஓரங்களில் முட்செடிகளும் பெரணிகளும் அடர்ந்திருக்கும். கருவியின் அடியிலுள்ள வட்டமான கம்பிச்சுருள் (காயில்) தரையை ஒட்டி நகர்ந்தால்தான் ஆழத்திலுள்ள காசு தெரியும் என்பதால், செடிகள் பட்டுப்போகும் குளிர்காலமே தேடலுக்கு வசதியானது. மழையில் ஊறிய மண்ணை வெட்டுவதும் எளிது.

ஒரு நுட்பத்தை மட்டும் கவனிக்க வேண்டும். அறுவடை முடிந்து அரிதாள் நிற்கும் வயல்தான் தேடுவோருக்கு மிகவும் பிடித்தது. ஆனால் குளிர்காலக் கோதுமையை உழவர்கள் செப்டம்பர், அக்டோபரிலேயே விதைத்துவிடுவதால், டிசம்பரில் நீங்கள் போய் இறங்கும்போது அவ்வயல்களில் இளம்பயிர் தலைகாட்டியிருக்கும், அங்கே யாரும் உங்களைக் கால் வைக்க விடமாட்டார்கள். வசந்தகால விதைப்புக்காகச் சும்மா விடப்பட்ட வயல்களும், நிரந்தர மேய்ச்சல் நிலங்களுமே அப்போது எஞ்சியிருப்பவை. எனவே எந்த வயல் எப்போது காலியாகும் என்பதை உழவரிடம் முன்கூட்டியே கேட்டறிந்து, அதற்கேற்பப் பயணத் தேதியை அமைத்துக்கொள்வது நல்லது.

கடற்கரைக்குக் கணக்கு வேறு. குளிர்காலப் புயல்கள் மேல்மணலை வாரிக்கொண்டு போய், பல ஆண்டுகளாக மூடிக்கிடந்த அடித்தளத்தை வெளிக்காட்டும். புயலுக்கு அடுத்து நீர் உள்வாங்கும் வற்றம்தான் சிறந்த நேரம்.

நிலம் உறைந்திருந்தால் கருவி வேலை செய்யுமா?

செய்யும். கருவி அனுப்பும் மின்காந்தப் புலம் பனியையும் உறைந்த மண்ணையும் தடையின்றி ஊடுருவும். பனி படிந்திருக்கும்போது இழப்பு வேறொரு வழியில் வருகிறது: பத்து செண்டிமீட்டர் பனி கிடந்தால் கம்பிச்சுருள் தரையிலிருந்து பத்து செண்டிமீட்டர் உயர்ந்து நிற்கிறது, அந்த அளவு ஆழம் உங்களுக்குக் குறைந்துபோகிறது.

சிக்கல் தோண்டுவதில்தான் உள்ளது. உறைந்த மண்ணை நெம்பும்போது கட்டி ஒழுங்காகப் பிளக்காமல் தாறுமாறாக உடையும். உள்ளே மெல்லிய வெள்ளிக்காசு இருந்தால் அதுவும் வளையலாம், முறியலாம். புல்தரையில் வெட்டியெடுத்த கட்டி வேரோடு சிதைந்துவிட்டால், அதை மீண்டும் பொருத்தி மூட முடியாது. அந்தக் குழியைப் பார்க்கும் உழவர் அடுத்த ஆண்டு உங்களுக்கு மட்டுமன்றி வேறெவருக்கும் அனுமதி தரமாட்டார். மேற்பரப்பு மட்டும் லேசாக உறைந்திருந்தால், வெயில் பட்டு இளகும் வரை, பெரும்பாலும் முற்பகல் வரை, காத்திருக்கலாம். ஒரு விரற்கடைக்கும் ஆழமாக உறைந்திருந்தால் அன்று தேடலைக் கைவிடுவதே முறை என்பது என் கருத்து. வானம் தெளிந்திருக்கிறதே, இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்ற நினைப்பு நிலத்தை இளக்கிவிடாது.

புல்தரையில் கட்டியை முழுவட்டமாக வெட்டாமல், லாட வடிவில் மூன்று பக்கம் வெட்டி நான்காம் பக்கத்தை வேரோடு விட்டு மடக்கித் திறக்க வேண்டும். தோண்டிய மண்ணை ஒரு துணியின்மேல் கொட்டினால் திரும்ப நிரப்புவது சுத்தமாக முடியும்.

பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்கிறார்களே?

குளிரில் பேட்டரிக்குள் நிகழும் வேதிவினை மந்தமாகிறது. அதனால் வீட்டில் முழுமையாக மின்னேற்றிய பேட்டரியும் வயலில் முன்னதாகவே ஓய்ந்துவிடும். சாதாரண அல்கலைன் பேட்டரிகள் இதில் மிகவும் பின்தங்கியவை. மாற்று பேட்டரிகளைத் தோள்பையில் போடாமல் உடலை ஒட்டிய உள்சட்டைப் பையில் வைத்துக்கொண்டால் அவை வெதுவெதுப்பாக இருக்கும்.

லித்தியம் அயான் பேட்டரியைப் பூச்சியம் டிகிரிக்குக் கீழே மின்னேற்றக் கூடாது. அப்படிச் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து, பேட்டரி நிரந்தரமாகக் கெடுவதோடு ஆபத்தாகவும் மாறக்கூடும். இரவு முழுவதும் காரில் கிடந்த கருவியை விடியற்காலையில் அப்படியே மின்னிணைப்பில் செருகுவது இதனால்தான் தவறு. முதலில் அறை வெப்பத்துக்கு வரவிட வேண்டும். ஆனால் அப்போது இன்னொரு தொல்லை வரும். குளிரூட்டிய எம்ஆர்டி ரயிலிலிருந்து வெளியே இறங்கியதும் மூக்குக்கண்ணாடி மங்குவதைப் போல, வெளிக்குளிரில் இருந்த கருவியைச் சூடான அறைக்குள் கொண்டுவந்ததும் அதன்மேல் நீர் படியும். வெளியிலேயே அதை ஒரு பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டி, உள்ளே கொண்டுவந்து ஓரிரு மணி நேரம் கழித்துத் திறந்தால் நீர் பையின்மேல் படியும், கருவிக்குள் புகாது.

விமானப் பயணத்தில் உதிரி லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் கொண்டுசெல்ல வேண்டும்; கூரிய தோண்டுகருவிகளைப் பதிவுசெய்யும் பெட்டியில் வைக்க வேண்டும். இரண்டையும் மாற்றிவைத்தால் சாங்கி விமான நிலையத்திலேயே தடுக்கப்படும்.

நமக்கு அந்தக் குளிர் தாங்குமா?

சிங்கப்பூரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 19.4 டிகிரி, அது 1934ஆம் ஆண்டு ஜனவரியில். ஆகவே மூன்று, நான்கு டிகிரியில் காற்று வீசும் திறந்தவெளி நம்மில் பெரும்பாலோருக்குப் புதியது. தேடுவோர் வேகமாக நடப்பதில்லை என்பதும் நினைவிருக்கட்டும்: மெதுவாக நடந்து, நின்று, ஈரமண்ணில் மண்டியிட்டு, மீண்டும் எழுகிறார்கள். மலையேறுபவருக்குப் போதுமான உடை அதனால் இவர்களுக்குப் போதாது.

உடலை ஒட்டிப் பருத்திச் சட்டை அணிய வேண்டாம். பருத்தி வியர்வையை உறிஞ்சிக்கொண்டு ஈரமாகவே இருக்கும்; உடல் வெப்பத்தை அது களவாடும். கம்பளியோ செயற்கை இழையோ உள்ளாடையாகவும், அதன்மேல் ஒரு வெப்ப அடுக்கும், வெளியே காற்றும் மழையும் புகாத மேலாடையும் தேவை. கையுறையில் இரண்டு சோடி வேண்டும். ஒன்று தோண்டும்போது நிச்சயம் நனைந்துவிடும். முழங்கால் பட்டையும் நீர்புகா நெடுங்காலணியும் அலங்காரமல்ல, அவசியம்.

நடுக்கம் ஒரு எச்சரிக்கை. நடுக்கத்தோடு பேச்சுக் குழறினாலோ, விரல்கள் சொன்னபடி கேட்காமற்போனாலோ, அது உடல் வெப்பம் குறைவதற்கான அறிகுறி. உடனே தேடலை நிறுத்தி வெதுவெதுப்பான இடத்துக்குப் போக வேண்டும். தனியாகச் செல்ல வேண்டாம். டிசம்பர் இறுதியில் லண்டனில் மாலை நான்கு மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடும். ஏழு மணி வரை வெளிச்சம் இருக்கும் ஊரிலிருந்து செல்வோர் இதை எளிதில் மறந்துவிடுவார்கள்.

எந்தக் கருவியை வாங்கலாம்?

ஒரே ஒரு பயணத்துக்கு என்றால் வாங்காதீர்கள். அங்குள்ள நண்பரிடம் இரவல் கேளுங்கள். வாங்குவதாக முடிவு செய்தால், நீர்புகாத, பல அலைவரிசைகளில் ஒருசேர இயங்கும் கருவி நல்லது. ஒற்றை அலைவரிசைக் கருவி வயலில் நன்றாக வேலை செய்தாலும், உப்புநீரில் ஊறிய கடற்கரை மணலில் ஓயாமல் பொய்யொலி எழுப்பும். கூடவே, குழிக்குள் காசு எங்கே இருக்கிறது என்று காட்டும் கையடக்கமான பின்பாயிண்டர் ஒன்று வேண்டும். விரல் மரத்துப்போகும் குளிரில் சேற்றைப் பிசைந்து தேடுவதிலிருந்து அது காப்பாற்றும். தேடலில் பாதி நேரத்தையும் மிச்சப்படுத்தும்.

என்னதான் கிடைக்கும்?

பெரும்பாலும் குப்பை. ஆணி, தகரம், துப்பாக்கித் தோட்டாவின் உறை, பான டின்னின் இழுவளையம், ஈயத்துண்டு. இவற்றுக்கிடையே ஒரு பொத்தானோ, விக்டோரியா காலத்துச் செப்புக் காசோ, நல்ல நாளாக இருந்தால் இடைக்கால வெள்ளிப் பென்னியோ வரும். 1662க்கு முன் இங்கிலாந்தின் காசுகள் பெரும்பாலும் இயந்திரத்தாலன்றி, இரண்டு அச்சுகளுக்கிடையே வெள்ளித்தகட்டை வைத்துச் சுத்தியலால் அடித்தே செய்யப்பட்டன. பென்னி ஒன்றரை கிராமுக்கும் குறைவான எடையும், நம் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய அகலமும் கொண்டது. சில்லறை தேவைப்பட்டபோது அதையே பாதியாகவும் காலாகவும் வெட்டிப் புழங்கினார்கள். அந்தத் துண்டுகளும் கிடைப்பதுண்டு. இவ்வளவு சிறிய பொருள் கருவியில் தாழ்ந்த, தயங்கிய ஒலியையே எழுப்பும். இழுவளையமும் அதே ஒலியைத்தான் தரும். ஆகவே குப்பை வேண்டாம் என்று அந்த ஒலியை ஒதுக்குகிறவர் வெள்ளியையும் சேர்த்தே ஒதுக்குகிறார்.

சாதாரணக் கருவியால் ஒற்றைக் காசை ஏறத்தாழ ஒரு சாண் ஆழம் வரைதான் உணர முடியும். உழப்பட்ட மண்ணில் அந்த ஒரு சாண் போதும்.

இங்கிலாந்தில் யாரிடம் அனுமதி பெற வேண்டும்? கிடைத்தது யாருக்குச் சொந்தம்?

நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் எங்கும் தேடக் கூடாது. உரிமையாளர் இல்லாத நிலம் என்று அங்கே எதுவும் இல்லை. பொது நடைபாதைக்கும் கடற்கரைக்கும்கூட உரிமையாளர் உண்டு. லண்டனில் தேம்ஸ் ஆற்றின் கரைச்சேற்றில் தேட லண்டன் துறைமுக ஆணையத்தின் உரிமச்சீட்டு வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்சின்னமாகப் பட்டியலிடப்பட்ட இடத்தில், உரிமையாளரே சரி என்றாலும், அரசின் எழுத்துவழி ஒப்புதலின்றி டிடெக்டரைப் பயன்படுத்துவது 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

பொதுவாக, கிடைக்கும் பொருள் நில உரிமையாளருக்கே உரியது. அதனால் பங்கீட்டைத் தேடலுக்கு முன்பே எழுதி இருவரும் கையொப்பமிட்டுக்கொள்ள வேண்டும். காசு கிடைத்த பிறகு பேசும் பங்கீடு நட்பைக் கெடுக்கும்.

புதையல் என்று சட்டம் வரையறுப்பவை தனி. 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 300 ஆண்டுகளுக்கு மேற்பட்டதும் பத்து விழுக்காடேனும் பொன்னோ வெள்ளியோ கலந்ததுமான பொருள் புதையலாகும். ஒற்றைக் காசு இதில் சேராது. அதே வயதும் கலவையும் உடைய காசுகள் ஒரே இடத்தில் இரண்டு கிடைத்தால் சேரும். செம்பு போன்ற மலிந்த உலோகக் காசென்றால் பத்து வேண்டும். 2023 ஜூலையிலிருந்து, 200 ஆண்டுகளுக்கு மேற்பட்டதும் வரலாற்றுச் சிறப்புமிக்கதுமான உலோகப் பொருள்களும் இவ்வரையறைக்குள் வந்துள்ளன. இவற்றைக் கண்டெடுத்த 14 நாள்களுக்குள் அப்பகுதியின் கொரோனர் எனும் மரண விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு. அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டால், அதற்கான வெகுமதி வழக்கமாகக் கண்டெடுத்தவருக்கும் நில உரிமையாளருக்கும் சரிபாதியாகப் பகிரப்படும். இது முடிய ஓர் ஆண்டுக்கு மேலும் ஆகலாம் என்பதால், திரும்பும் விமானத்துக்குள் முடியும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

புதையல் அல்லாதவற்றையும் பதிவுசெய்யத் தன்னார்வத் திட்டமொன்று 1997இலிருந்து இயங்குகிறது. ஒவ்வொரு வட்டாரத்திலும் அதற்கான தொடர்பு அலுவலர் இருக்கிறார். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் இத்திட்டத்தில் இதுவரை பதிவாகியுள்ளன. கைப்பேசியில் இருப்பிடக் குறியீட்டை அந்தந்தக் குழியருகிலேயே குறித்துக்கொள்ளுங்கள். மாலையில் நினைவிலிருந்து எழுதுவது பயன்படாது.

பெரிதாக ஏதாவது அகப்பட்டால் முழுவதையும் தோண்டி எடுக்கலாமா?

கூடாது. இதற்கு 1992 நவம்பரில் சஃபோக் மாவட்டத்தின் ஹாக்சன் சிற்றூரில் நிகழ்ந்ததைக் காட்டிலும் நல்ல எடுத்துக்காட்டு இல்லை. உழவர் ஒருவர் வயலில் சுத்தியலைத் தொலைத்துவிட, அதைத் தேடித்தரச் சென்றவர் எரிக் லாஸ். அவருடைய கருவி காட்டிய இடத்தில் வெள்ளிக் கரண்டிகளும் பொன் அணிகளும் காசுகளும் வரத் தொடங்கின. கொஞ்சம் எடுத்தவுடன் அவர் தோண்டுவதை நிறுத்திவிட்டு அதிகாரிகளுக்குச் செய்தி அனுப்பினார். அதன்பின் தொல்லியலாளர்கள் வந்து, பொருள்கள் மண்ணுக்குள் இருந்த அடுக்கு கலையாமல் அகழ்ந்தனர். ஏறத்தாழ 15,000 ரோமானியக் காசுகள், வெள்ளிப் பாத்திரங்கள், பொன் நகைகள் ஆகியவை ஒரு மரப்பெட்டிக்குள் எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்பதை மட்கிப்போன அப்பெட்டியின் தடயங்களைக் கொண்டே அறிய முடிந்தது. அவர் ஆர்வத்தில் எல்லாவற்றையும் சாக்கில் அள்ளியிருந்தால் பொன் மிஞ்சியிருக்கும், பெட்டி மிஞ்சியிருக்காது. லாஸுக்குப் பதினேழரை லட்சம் பவுண்டு வெகுமதி கிடைத்தது. அதை அவர் உழவருடன் பகிர்ந்துகொண்டார். தொலைந்த சுத்தியலும் அகப்பட்டது. அதுவும் இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

குளிரில் இந்தப் பொறுமை இன்னும் கடினம். இருட்டுவதற்குள், மழைக்குள் முடித்துவிடத் தோன்றும். குழியை மூடி, இடத்தை யாருக்கும் சொல்லாமல், அலுவலரை அழையுங்கள்.

ஸ்காட்லாந்து, அயர்லாந்து, ஆஸ்திரேலியா எப்படி?

ஸ்காட்லாந்தில் வயது, உலோகம் பாராமல் எல்லாத் தொல்பொருள் கண்டெடுப்புகளையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அயர்லாந்துக் குடியரசில் அனுமதியின்றித் தொல்பொருளுக்காக டிடெக்டரைப் பயன்படுத்துவதே குற்றம். வட அயர்லாந்திலும் உரிமம் தேவை.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் நிலைமை இனிமையானது. பல்லாரட், பெண்டிகோ பகுதிகளில் பொன்கட்டி தேடுவதற்கு மைனர்ஸ் ரைட் என்னும் அனுமதிச்சீட்டு போதும். அனுமதிக்கப்பட்ட நிலத்தில் கிடைத்த பொன்னை நீங்களே வைத்துக்கொள்ளலாம். பாம்புகள் அடங்கியிருக்கும் ஜூன், ஜூலையே அங்கே தேடலுக்குரிய பருவம். ஆனால் அச்சீட்டு கனிமத்துக்கு மட்டுமே; பழங்காசுக்கும் தொல்பொருளுக்கும் அது இடந்தராது. காலணியிலும் கருவியிலும் ஒட்டிய மண்ணை முற்றாகக் கழுவாமல் ஆஸ்திரேலிய விமான நிலையத்தில் இறங்க வேண்டாம்.

கிடைத்த காசைப் புளி போட்டுத் துலக்கலாமா?

கூடவே கூடாது. வீட்டுப் பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளியும், வெள்ளிக் கிண்ணத்துக்குத் திருநீறும் பழக்கமான கைவைத்தியம்தான். ஆனால் மண்ணில் நூற்றாண்டுகள் கிடந்த செப்புக்காசின் எழுத்தும் உருவமும் பெரும்பாலும் அதன்மேல் படிந்த களிம்பில்தான் எஞ்சியுள்ளன. புளியின் அமிலம் களிம்பைக் கரைக்கும்போது அரசரின் முகமும் சேர்ந்து போய்விடும். திருநீற்றின் துகள் வெள்ளியைக் கீறும். காய்ச்சி வடித்த நீரில் அலசி, மென்மையாக ஒற்றி உலர்த்துவதோடு நிறுத்துங்கள். செப்புப் பொருளில் வெளிர்பச்சைத் தூள் புதிதாகத் தோன்றினால் அது களிம்பல்ல, உப்பினால் உண்டாகும் அரிப்பு. வல்லுநரிடம் காட்ட வேண்டும்.

சிங்கப்பூருக்குக் கொண்டுவரலாமா?

பிரிட்டனில் மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட, 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொல்பொருளை நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்ல ஏற்றுமதி உரிமம் வேண்டும். மலிவானது, சிறியது என்பதெல்லாம் சாக்காகாது. விண்ணப்பத்துக்கு நேரமாகும் என்பதால் பொருளை அங்குள்ள உறவினரிடமே விட்டுவருவது பலருக்கு ஏற்றதாக உள்ளது.

உரிமத்துடன் கொண்டுவந்தால், அடுத்த பகை நம் காற்று. சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் எண்பது விழுக்காட்டுக்கு மேல். குளிர்மண்ணில் நிலைத்திருந்த இரும்புக் கத்தி இங்கே சில மாதங்களில் செதில் செதிலாக உதிரலாம். கேமராவுக்காக விற்கப்படும் ஈரம் நீக்கும் பெட்டியில் வைத்தால் நீண்டகாலம் காக்கலாம்.

சிங்கப்பூரிலேயே பழகிப் பார்க்க முடியுமா?

டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை கொஞ்சம் குளிர்ச்சி தருவதால் பலருக்கும் இந்த எண்ணம் வருகிறது. பூங்காவாயினும் கடற்கரையாயினும் அதை நிர்வகிக்கும் அமைப்பிடம் முதலில் கேட்க வேண்டும். கேட்காமல் தோண்டக் கூடாது. கிழக்குக் கடற்கரையில் பழங்காசை எதிர்பார்ப்பதில் பொருளில்லை. அந்நிலம் 1966இலிருந்து கடலைத் தூர்த்து உருவாக்கப்பட்டது. அங்கே கிடைப்பது பெரும்பாலும் 1967க்குப் பிந்தைய சிங்கப்பூர்க் காசுதான். கிங் ஜார்ஜ் உருவம் பொறித்த சதுர வடிவ ஒரு காசு நாணயம் வேண்டுமென்றால் காசு வணிகரிடம் சில சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்கிவிடலாம். கருவியைப் பழக, உறவினரின் தரைவீட்டுத் தோட்டத்தில் காசுகளை வெவ்வேறு ஆழத்தில் நீங்களே புதைத்து ஒலியைக் கேட்டுப் பழகுவது எல்லாவற்றிலும் மேல்.

ஃபோர்ட் கேனிங் போன்ற வரலாற்று இடங்களை நினைக்கவே வேண்டாம். 1928இல் அங்கே நீர்த்தேக்கத்துக்காகத் தோண்டியபோது பொன் அணிகள் கிடைத்தன. 1984இலிருந்து முறையான அகழாய்வுகள் நடந்துள்ளன. தற்செயலாக எங்கேனும் தொல்பொருளைக் கண்டால் தேசிய மரபுடைமைக் கழகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சாங்கிக் கடற்கரை 1942 பிப்ரவரியில் பொதுமக்கள் சுட்டுக் கொல்லப்பட்ட இடம் என்பதையும் கருவியோடு போகிறவர் அறிந்திருக்க வேண்டும்.

குண்டு போலத் தெரியும் பொருள் அகப்பட்டால்?

தொடாதீர்கள், விலகிச் சென்று காவல்துறையை அழையுங்கள். சிங்கப்பூரில் எண் 999. பிரிட்டனிலும் அதே எண். உலகப்போர்க் குண்டுகள் இன்னும் உயிருடன்தான் உள்ளன. 2023 செப்டம்பரில் அப்பர் புக்கிட் தீமா கட்டுமானத் தளத்தில் கிடைத்த 100 கிலோ குண்டை வெடிக்கச் செய்வதற்காக 4,000க்கும் மேற்பட்ட குடியிருப்பாளர்கள் வெளியேற்றப்பட்டனர்.

தமிழ்நாட்டில் சொந்த ஊர் ஆற்றங்கரையில் தேடலாமா? கரூர்ப் பக்கம் ரோமானியக் காசு கிடைத்ததாகச் சொல்கிறார்களே?

கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையில் ரோமானியக் காசுகள் கிடைத்தது உண்மை. ஆனால் இந்தியாவில் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது: மண்ணில் மறைந்து கிடந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புடையதானால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொல்பொருளைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே எடுத்துச்செல்வதை 1972ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. தாத்தாவின் தோட்டத்திலேயே கிடைத்தாலும் இவ்விரு சட்டங்களும் பொருந்தும். மார்கழிக் குளிரில் ஊருக்குப் போகிறவர்கள் கருவியை வீட்டில் விட்டுவிட்டு, சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் காசுக்கூடத்தைப் பார்த்துவரலாம்.